திரையில் ‘மாற்றீடு’ என்று வந்த காலை

என் வேலை என்னவென்று வீட்டில் உள்ளவர்களுக்கு விளக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். மாத்தளை நகரத்தில் ஒரு ஃபோன் கடையின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்காகக் கணினி வேலை செய்கிறேன். அதில் பெரும்பகுதி தரவுத்தளங்களை அமைப்பது. பெயர்களையும் விவரங்களையும் ஒழுங்காக அடுக்கி வைத்து, யார் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கும் இடம்தான் தரவுத்தளம். அது ஓடுகிற இயந்திரம் என் அறையில் இல்லை. கிளவுட் சேவை நடத்தும் ஒரு கம்பெனியின் கூடத்தில், கடலுக்கு அப்பால் எங்கோ இருக்கிறது. அதை நான் கண்ணால் கண்டதில்லை.

யட்டவத்தவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் என் அக்கா வேலை செய்கிறாள். மலையில் வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அக்கா தன் கணவரான மச்சானோடு அங்கேயே லயத்தில், தோட்டத்தின் தொடர்வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். ஒருமுறை லீவுக்குப் போயிருந்தபோது, லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்த என்னை அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்த மெசின நீ தொட்டதே இல்லையா?”

“இல்லக்கா. எழுதித்தான் சொல்றது.”

“என்னா எழுதுவ?”

“இந்த அளவுல ஒரு மெசின் வேணும், இந்த நாட்டுல வேணும், உள்ளுக்கு இவ்வளவு எடம் வேணும்னு எழுதுவேன். லைப்ரரின்னு ஒண்ணு இருக்கு. வேற ஆளுங்க எழுதி வச்ச புரோகிராம். நான் எழுதினத அது கொண்டுபோயி கம்பெனிக்கிட்ட பேசி, அதே மாதிரி செஞ்சுட்டு வரும்.”

“எங்க தொரையும் அப்படித்தான். பங்களாவுல குந்திக்கிட்டு எழுதி அனுப்புவாரு. கீழ வேல நடந்துரும்” என்று அக்கா சிரித்தாள்.

அந்த மழை வந்தபோது நான் மாத்தளையில் இருந்தேன். அக்கா மேலே இருந்தாள்.

முதல் நாள் அதைச் சாதாரண மழை என்றுதான் நினைத்தோம். அடுத்த நாள் விடிந்தபோது யட்டவத்த பாதை மூடியிருந்தது. மலைச்சரிவுகள் ஒவ்வொன்றாகக் கீழே வரத் தொடங்கியிருந்தன. தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் பள்ளிக்கூடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கோவில்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொழும்பிலும் வளைகுடாவிலும் வேலை செய்பவர்கள் ஊருக்கு ஃபோன் எடுத்து எடுத்துக் களைத்துப்போனார்கள்.

கீழே ஃபோன் கடையை நடத்துகிறவர்தான் என் வீட்டுச் சொந்தக்காரர். பல தலைமுறையாக மாத்தளையில் வாழும் முஸ்லிம் குடும்பம். நான் அவரை நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கரண்ட் போனதும் ஊர் முழுவதும் ஃபோனை சார்ஜ் பண்ண அவருடைய கடைக்குத்தான் வந்தது. கார் பெட்டரிகளை வரிசையாக வைத்து எப்படியோ சமாளித்தார். அவர்தான் படியேறி வந்து கேட்டார்.

“தங்கச்சி, வாற ஆளெல்லாம் எங்கிட்ட ஒரே கேள்விதான் கேக்குறாங்க. எங்கட ஆள் எங்க ஈக்குதுன்னு. பேரப் போட்டுப் பாக்குற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு செய்ய ஏலாதா?”

செய்யலாம் என்றேன். அன்று முற்பகலிலேயே ஒரு இணையத்தளத்தைச் செய்தும் முடித்தேன். முகாமில் இருக்கும் தொண்டர்கள் பெயரையும் ஊரையும் முகாமையும் பதிவார்கள். வெளியில் இருப்பவர்கள் பெயரைப் போட்டுத் தேடுவார்கள்; கிடைக்காவிட்டால், தேடப்படுபவர் என்று அந்தப் பெயரைப் பதிந்து வைப்பார்கள். அவ்வளவுதான். பின்னால் ஒரு தரவுத்தளம் வேண்டியிருந்தது. லைப்ரரியில் சில வரிகள் எழுதி, இருப்பதிலேயே சிறிய இயந்திரம் ஒன்றைக் கேட்டேன். அந்த வரிகள் உள்ள கோப்பில் மாதிரியாக இருந்த தூரநாட்டுக் கூடத்தையே அதன் இடமாக விட்டேன். ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் இயந்திரம் தயாராகிவிட்டது. மாத்தளைக்குள் கொஞ்சப் பேர் பயன்படுத்துவார்கள் என்பதுதான் எங்கள் எண்ணம்.

ஆனால் செய்தி எங்கள் கையை மீறிப் பரவியது. வடக்கே பக்கத்து ஊர்களான நாவுலயிலிருந்தும் நாலந்தாவிலிருந்தும் பெயர்கள் வரத் தொடங்கின. பள்ளிவாசல் குழுக்கள், பன்சலைகள் என்னும் புத்த விகாரைகள், இளைஞர் சங்கங்கள் எல்லாம் பதிந்தன. வெளிநாட்டில் இருப்பவர்கள் விடாமல் தேடினார்கள். அந்தச் சின்ன இயந்திரத்துக்கு ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் பதில் சொல்ல முடியும் என்று ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை நிரம்பிவிட்டால் அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குக் கதவு திறக்காது. மூன்றாம் நாள் காலையில் அதுதான் நடந்தது. தளத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் வெறும் பிழைச் செய்தி வந்தது. உள்ளே பெயர்கள் பத்திரமாக இருந்தன. யாராலும் பார்க்கத்தான் முடியவில்லை.

அக்காவிடமிருந்து அதற்கு முந்தைய நாள் மத்தியானம் ஒரு அழைப்பு வந்திருந்தது. விட்டு விட்டுக் கேட்டது. “மடுவத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு நான் கீழ எறங்குறேன்” என்றாள். எங்கே என்று கேட்பதற்குள் அறுந்தது. பிறகு அவளுடைய ஃபோன் எடுபடவே இல்லை.

தளம் திறக்காமல் போன அந்தக் காலையில் என் அறைக்கு ஏறும் மரப்படியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் தோட்டத்துக்காரி. கிளினிக்குக்கு என்று நகரத்துக்கு இறங்கி வந்தவள், பாதை மூடியதும் திரும்பிப் போக முடியாமல் சிக்கிக்கொண்டாள். அவளுடைய மகன் பிள்ளை மடுவத்தில் இருந்தான்.

“ஒங்க அக்கா கையிலதானே குடுத்துட்டு வந்தேன்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

“அக்கா இருக்கு. கீழ எறங்கிருச்சு. பேரு வந்துரும்” என்றேன்.

இயந்திரத்தைப் பெரிதாக்குவது ஒன்றுதான் வழி. அது கடினமான காரியமல்ல. கோப்பில் அளவைக் குறிக்கும் வரியை மாற்றி எழுதி, லைப்ரரியை ஓடவிட்டால் போதும். இருக்கும் இயந்திரத்தையும் நான் எழுதியிருப்பதையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். எதை எதை மாற்றப்போகிறது என்று முதலில் திரையில் காட்டி, செய்யவா என்று கேட்கும். நாம் ஆம் என்றால் செய்யும். பெரிதாக்கும்போது இயந்திரம் ஒருமுறை நின்று மறுபடி கிளம்பும், பெயர்களுக்கு ஒன்றும் ஆகாது. நிறுவன வேலையில் இதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

நானா பின்னால் நின்றார். கீழே கடையில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களின் சத்தம் பலகைத் தரைவழியாக மேலே வந்தது. லேப்டாப்பில் பெட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஃபோனில் இரண்டு கோடு சிக்னல். அளவு வரியை மாற்றினேன். ஓடவிட்டேன். திரையில் ஒப்பீடு வந்தது.

‘புதுப்பிப்பு’ என்ற பொருளில் ஒரு சொல் வரவேண்டிய இடத்தில் ‘மாற்றீடு’ என்று வந்திருந்தது.

செய்யவா என்ற கேள்வி அடியில் நின்றது. என் விரல் ஏற்கெனவே விசையின் மேல் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“என்ன தங்கச்சி?” என்றார் நானா.

“நானா, பொறுங்க. இது தப்பா காட்டுது.”

“தப்புன்னா?”

“பெருசாக்கப் போறேன்னு சொல்லல. இருக்கிறத அழிச்சிட்டு புதுசா ஒண்ணு கட்டப்போறேன்னு சொல்லுது.”

“புதுசு நல்லந்தானே?”

“புதுசுக்குள்ள ஒண்ணும் இருக்காது நானா. பேரெல்லாம் பழசோட போயிரும்.”

அவர் படியின் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, “நீங்க நல்லாப் பாத்தீங்களா? கீழ சனம் கத்துறாங்க. இப்ப ஒண்ணும் வேல செய்யலதானே. இதுக்கு மேல என்ன கெடப்போகுது?” என்றார்.

அவர் மேல் பிழையில்லை. கடைக்கு இறங்கிப் போய் அந்த முகங்களைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் அந்தப் பெயர்களில் பாதிக்கு வேறு பிரதி எங்கும் இல்லை. தொண்டர்கள் நனைந்த கைகளோடு நேரே ஃபோனில் பதிந்தவை. அழிந்தால் மறுபடி அந்த முகாம்களுக்கு யார் போவார்கள், பாதையே இல்லாதபோது?

“கொஞ்சம் இருங்க. ஏன்னு பாக்கணும்” என்றேன்.

கோப்பை மேலிருந்து கீழாக வாசித்தேன். பயத்தில் வாசிக்கும்போது கண் வரியைத் தாண்டித் தாண்டி ஓடுகிறது. விரலைத் திரையில் வைத்து, சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டுவதைப் போல வாசித்தேன். பெயர் சரி. இடவசதி சரி. அளவு நான் மாற்றியது. அடுத்த வரியில் நாடு. நான் விட்டிருந்த நாடு அங்கே இல்லை. பக்கத்து நாட்டுக் கூடம் ஒன்றின் பெயர் இருந்தது.

கொழும்பில் என்னோடு வேலை செய்யும் நண்பன் ஒருவன் முந்தைய நாள் உதவிக்கு வந்திருந்தான். கோப்பு எங்கள் இருவருக்கும் பொதுவானது. இயந்திரம் கிட்டே இருந்தால் வேகமாகப் பதில் வருமே என்று வரியை மாற்றி வைத்து, என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று ஓடவிடாமல் விட்டிருக்கிறான். அதைச் சொல்லி அவன் அனுப்பிய செய்தி என் ஃபோனுக்கு வந்து சேரவேயில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஓடுகிற இயந்திரத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அப்படியே தூக்கி வைக்க லைப்ரரிக்கு வழி கிடையாது. அங்கே புதிதாகக் கட்டும், இங்கே இருப்பதை இடித்துவிடும்.

வரியைப் பழையபடி எழுதினேன். மறுபடி ஒப்பிடச் சொன்னேன். இந்தமுறை ‘புதுப்பிப்பு’ என்று வந்தது. நானா மூச்சு விட்டது என் காதில் கேட்டது.

“அழுத்துங்க” என்றார்.

“முதல்ல ஒரு பேக்கப் எடுத்துக்கிறேன்.”

“தங்கச்சி!”

“நானா, எனக்கு இப்ப இத நம்ப முடியல. ஒரு நகல் வேற எடத்துல இருந்தாத்தான் என் கை போகும்.”

அவர் படி வரைக்கும் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கீழேயிருந்து யாரோ சிங்களத்தில், “வேலை செய்யுதா இல்லையா என்று சொல்லுங்கள், சும்மா நிற்க வைக்காதீர்கள்” என்று கத்தினார்கள். நானா சிங்களத்திலேயே பதில் கத்தினார். மரப்படியில் நின்ற பெண் அசையவில்லை. கதவிடுக்கில் அவளுடைய சேலை முந்தானை மட்டும் தெரிந்தது.

நகல் எடுக்கும்படி தனியாகச் சில வரிகள் எழுதி அனுப்பினேன். கூடவே, இந்த இயந்திரத்தை யாரும் அழிக்கக் கூடாது என்ற பூட்டையும் போட்டேன். நகல் முடியும்வரை திரையில் ஒரே ஒரு சொல் நின்றது: நடக்கிறது. அந்த நேரத்தில் நான் அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. லேப்டாப் பெட்டரியின் சின்னப் படத்தையும் சிக்னல் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகல் முடிந்தது. மறுபடி ஒப்பிட்டேன். ‘புதுப்பிப்பு’. ஆம் என்று அழுத்தினேன்.

லைப்ரரி வேலையைத் தொடங்கியது. புள்ளி புள்ளியாகத் திரையில் நகர்ந்தது. பிறகு புள்ளிகள் நின்றன.

ஃபோனைப் பார்த்தேன். இரண்டு கோடுகளும் இல்லை. நானா தன்னுடைய ஃபோனை எடுத்தார், அதிலும் இல்லை. கடையில் எல்லாருடைய கையிலும் ஒரே நேரத்தில் அது நடந்திருக்க வேண்டும். கீழே சத்தம் ஒரு கணம் முற்றிலும் அடங்கி, பின்னர் பெரிதாக எழுந்தது.

“டவர் பெட்டரி செத்துட்டுது. நேத்தே சொன்னாங்க, இண்டைக்குத் தாங்காதுன்னு” என்றார் நானா.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். கட்டளை புறப்பட்டுவிட்டது. போய்ச் சேர்ந்ததா தெரியாது. சேர்ந்திருந்தால் இயந்திரம் நின்று மறுபடி கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பியதா தெரியாது. பாதியில் நின்றிருந்தால் என்னவாகும் என்று எனக்கு நிச்சயமில்லை. வளைகுடாவில் ஒருவன் தன் தாயின் பெயரைப் போட்டுவிட்டு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் மாத்தளையில் ஒரு அறையில் அதைவிட வெறுமையான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்க சிக்னல் இருக்கும் நானா?”

“நாலந்தாப் பக்கம் ஒரு டவருக்கு ஜெனரேட்டர் ஈக்குதுன்னு காலையில வந்த பொடியன் சொன்னான். பாதை எவ்வளவு தூரத்துக்கு ஈக்குதோ தெரியா.” சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துவிட்டார்.

லேப்டாப்பை இரண்டு பொலித்தீன் உறைகளில் சுற்றி, மழைக்கோட்டுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். படியில் நின்ற பெண் வாசல்வரை வந்தாள். “எங்க போறீங்க?” என்று கேட்டாள். “பேரப் பாக்க” என்றேன். அவளும் வர நினைத்தாள் போலிருந்தது. இடமில்லை என்று தெரிந்து நின்றுவிட்டாள்.

வடக்கே போகும் அந்தப் பெரிய பாதையில் அன்று வாகனங்களே இல்லை. பாதையின் குறுக்கே சேற்றுத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த இடங்களில் நானா இரண்டு கால்களையும் ஊன்றி, மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு வளைவில் விழுந்த மரத்தை ஊர் ஆட்கள் வெட்டுக்கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிளைகளுக்கு அடியில் மோட்டார் சைக்கிளைச் சரித்து இழுத்துக் கொடுத்தார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. இடது கையால் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு வலது கையில் ஃபோனை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். நானா வளைவுக்கு வளைவு கேட்டார், “வந்துட்டுதா?” நான் இல்லை என்றேன்.

அந்தப் பாதையோரம் சுற்றுலாப் பயணிகளுக்கான வாசனைத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. மிளகுக் கொடியையும் கறுவாப் பட்டையையும் காட்டி எண்ணெயும் களிம்பும் விற்கும் இடங்கள். அவற்றில் ஒன்றின் வாசலுக்கு வந்தபோது ஃபோனில் ஒரு கோடு எழுந்தது. “நிப்பாட்டுங்க!” என்று நான் கத்திய கத்தலில் நானா சறுக்கியே விட்டார்.

தோட்டத்தில் காவலுக்கு ஒரு சிங்களப் பெண்மணி மட்டும் இருந்தார். நானா விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே உள்ளே வரச் சொன்னார். பயணிகளை உட்காரவைத்து விளக்கம் சொல்லும் ஓலைக் கொட்டிலில் எங்களை உட்காரவைத்தார். சுற்றிலும் கண்ணாடிப் போத்தல்களில் ஏலமும் சாதிக்காயும் இருந்தன. ஈரத்தில் எல்லாமே கனத்து மணத்தது. மேசை மேல் லேப்டாப்பைத் திறந்தேன். பெட்டரி சிவப்புக்கு வந்திருந்தது.

லைப்ரரியை ஓடவிட்டதும் அது எச்சரித்தது. முன்பு தொடங்கிய ஒரு வேலை முடிந்ததா என்று தனக்குத் தெரியாது என்றது. அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எதையும் மறுபடி தொடங்காமல், இயந்திரத்தின் நிலை என்ன என்று மட்டும் கேட்கும் இரண்டு வரிகளை எழுதினேன். விரல்கள் விறைத்திருந்தன, எழுத்துகள் பிழையாக விழுந்தன. அழித்து அழித்து எழுதினேன்.

பதில் வந்தது: பராமரிப்பில் உள்ளது.

“உசிரோட ஈக்குதா?” என்றார் நானா.

“இருக்கு. ஆனா இன்னும் எந்திரிக்கல.”

மறுபடி கேட்டேன். பராமரிப்பில். அந்தப் பெண்மணி கொத்தமல்லித் தண்ணீரைச் சூடாகக் கொண்டுவந்து வைத்தார். மறுபடி கேட்டேன். பராமரிப்பில். நானா எழுந்து கொட்டிலின் ஓரத்துக்குப் போய் மழையைப் பார்த்தபடி ஏதோ ஓதத் தொடங்கினார். உதடுகள் மட்டும் அசைந்தன.

அடுத்த தடவை கேட்டபோது பதில் வரத் தாமதமானது. பிறகு வந்தது: இயங்குகிறது.

அளவு என்ன என்று கேட்டேன். நான் எழுதிய புதிய அளவு. உள்ளே எத்தனை பெயர்கள் என்று கேட்டேன். வந்த எண்ணிக்கை, காலையில் நான் கடைசியாகப் பார்த்ததைவிட ஏற்கெனவே கூடியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கோ ஒரு முகாமில் யாரோ பதிந்துகொண்டிருந்தார்கள்.

“நானா, வேல செய்யுது” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி, அவர் அப்படியே கொட்டில் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகுதான் அக்காவின் பெயரைப் போட்டேன். காலை முழுவதும் அதைச் செய்யாமல் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தமிழில் போட்டேன். இல்லை. சிங்களத்தில், ஆங்கிலத்தில், அடையாள அட்டையில் பிழையாக அடித்திருக்கும் எழுத்தில் எல்லாம் போட்டேன். தோட்டத்தின் பெயரைப் போட்டேன். அக்கம்பக்கத்து லயத்து ஆட்கள் சிலருடைய பெயர்கள் திரையில் வந்தன. அவர்களில் அவள் இல்லை. பிள்ளைகளில் ஒன்றின் பெயரும் இல்லை.

நானா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொத்தமல்லித் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. மேசையில் ஃபோன் அதிர்ந்தது. தெரியாத எண். யாரோ தளம் திறக்கவில்லை என்று சொல்ல எடுக்கிறார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

“ஏண்டி, ஒன் போனு எத்தன தடவ எடுத்தும் போகலியே, என்னா செய்ற நீ?”

அக்காவின் குரல். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“கேக்குதா? நாங்க கீழ பன்சலையில இருக்கோம். நேத்து இருட்டுறதுக்குள்ள வந்துட்டோம். இங்க சிக்னலே இல்ல. பன்சலைச் சாமி, ஹாமுதுருவோட ஆளு ஒருத்தரு மேட்டுக்கு ஏறுனா வரும்னு கூட்டிட்டு வந்தாரு. அவரு போனுதான் இது. சீக்கிரம் பேசு, சார்ஜு இல்ல.”

“புள்ளைங்க?” என்றேன்.

“எல்லாம் இருக்குதுங்க. ஒண்ணுக்குக் காய்ச்சலு. சோறு தின்னுச்சுங்க. தாய்மாருங்களுக்குத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மடுவம் போயிருச்சுடி. நாங்க எறங்கி வந்த வழியும் போயிருச்சு.” கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பிள்ளைகள் யாரையாவது இடுப்பில் வைத்திருந்திருப்பாள்.

“அக்கா, பேரச் சொல்லு. ஒவ்வொண்ணா சொல்லு. நான் அடிக்கிறேன்.”

அவள் சொல்லச் சொல்ல நான் நேராகத் தரவுத்தளத்துக்குள் எழுதினேன். பிள்ளையின் பெயர், தாயின் பெயர், எந்த லயம். சில பிள்ளைகளின் முழுப்பெயர் அவளுக்குத் தெரியாது. “சுருட்ட முடி இருக்குமே, அது” என்றாள். “மடுவத்துக்குப் புதுசா வந்துச்சே, அது.” அதையும் அப்படியே எழுதினேன். படியில் நின்ற பெண்ணின் மகனுடைய பெயர் நடுவில் வந்தது. அதை அடிக்கும்போது எழுத்துகள் எனக்குத் தெரியவில்லை, பழக்கத்தில் அடித்தேன். கடைசியாக அக்காவின் பெயரை அடித்தேன். “நான் நல்லா இருக்கேன், ஒன் மச்சானும் வந்துட்டாரு, சரியா” என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்தது. லேப்டாப்பும் கொஞ்ச நேரத்தில் அணைந்தது. ஆனால் பெயர்கள் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அது காட்டிய பிறகுதான் அணைந்தது.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் கடை வாசலிலேயே நின்றிருந்தாள். மோட்டார் சைக்கிள் நிற்கும் முன்பே நான் கத்தினேன், “இருக்கான்! அக்காகூட பன்சலையில இருக்கான்!” அவள் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு, “சாப்பிட்டானா?” என்று கேட்டாள். சாப்பிட்டான் என்றேன். “எதுல சாப்பிட்டான்? அவன் மத்தவங்க கோப்பையில, தட்டுல சாப்பிட மாட்டானே” என்றாள். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினாள். நானா உள்ளே போய்விட்டார். நான் நனைந்த உடுப்போடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மழை ஓய்ந்தது. பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அக்காவை நான் நேரில் பார்த்தபோது அவளுடைய கால் முழுவதும் அட்டைக் கடி. அதைத்தான் முதலில் காட்டினாள். முகாம்கள் மூடின. தளத்தில் பதிவதும் தேடுவதும் குறைந்து, ஏறக்குறைய நின்றே போயின. ஆட்களின் விவரங்கள் காரணமில்லாமல் அங்கே கிடக்கக் கூடாது, தளத்தை மூடி எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று நானாவும் கொழும்பு நண்பனும் நானும் பேசி முடிவெடுத்தோம். அதைத் தளத்திலும் எழுதி வைத்தோம்.

அதைப் பார்த்துவிட்டு நாவுலயிலிருந்து ஒருவர் ஃபோன் எடுத்தார். மரக்கறித் தோட்டம் செய்கிறவர், குரலில் வயது தெரிந்தது. அவருடைய தம்பி மழைக்கு முன்பு மலைக்கு அந்தப் பக்கம் மேசனாகக் கட்டட வேலைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. தேடப்படுபவர் என்று அவருடைய பெயர் எங்களிடம் பதிந்திருந்தது.

“மகள், நீங்க அத மூடிட்டா, எங்கயாச்சும் அவனக் கண்ட ஆளு எந்த எடத்துல வந்து சொல்லுவாங்க?” என்று கேட்டார்.

வேறு இடங்களிலும் பதிந்திருப்பீர்கள்தானே என்றேன். பதிந்திருப்பதாகச் சொன்னார். இருந்தாலும் இதுவும் இருக்கட்டும் என்றார்.

கிடைத்தவர்களின் விவரங்களையெல்லாம் அழித்தேன். கிடைக்காதவர்களை மட்டும் விட்டேன். கொஞ்சப் பேர்தான். இயந்திரத்தை மறுபடி மிகச் சிறியதாக்கினேன். இன்னும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வேலை என்று பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. எப்போதாவது யாரோ ஒருவர் தேடுகிறார்.

நாவுலக்காரர் இடைக்கிடை கூப்பிடுவார். அவருக்குத் தளத்தைத் திறந்து பார்க்கத் தெரியும். ஆனாலும் என்னிடம்தான் கேட்பார். போன வாரமும் கூப்பிட்டார். ஃபோனைக் காதில் வைத்தபடியே பெயரைப் போட்டுப் பார்த்தேன். புதிதாக எதுவும் இல்லை என்றேன்.

“சரி மகள். பொறவு எடுக்குறேன்” என்றார்.